விலையில்லாததும் கட்டில்லாததும்

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களை எண்ணி அடுக்கியது போன்ற இப்படிகளில், டிசம்பர் 31-ஆம் நாள் இரவு அடியார்கள் கூடித் திருப்புகழ் பாடிக்கொண்டு மேலேறுவது எங்கள் ஊர் வழக்கம். படியேறுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முழங்கால் வலி ஒன்றுதான் செலவு. வலிக்கு அஞ்சுவோர் வண்டியில் ஏறிச் செல்வதற்கு மலைப்பாதை ஒன்றும் உண்டு. அவர்களுக்கு வலி இல்லை, கைப்பொருள் செலவு. இரண்டு வழிகளும் ஒரே சந்நிதியில் முடிகின்றன. ஆதலால், எது செலவில்லாத வழி என்று வெளியூர் அன்பர்கள் கேட்டால், "ஏறுகிறவர் யார் என்று சொல்லுங்கள், பிறகு விடை சொல்கிறோம்" என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வது உண்டு.

நேயர்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கோயிலைப் பற்றிய செய்தி அன்று. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், அட்டவணை தீட்டவும் எல்லா அலுவலகங்களிலும் கையாளப்படும் கணினி மென்பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். இவ்வகை மென்பொருளில் விலை கொடுத்து வாங்குவன உண்டு. விலையில்லாமல் கிடைப்பனவும் உண்டு. எதைத் தேர்ந்துகொள்வது என்னும் வினா பெரிய நிறுவனங்களின் கவலை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அண்மையில் அது எங்கள் சிறிய வாசகர் வட்டத்தின் வாயிலிலும் வந்து நின்றது.

அன்பர் ஒருவர் எங்கள் வட்டத்துக்கு மூன்று கணினிகள் வாங்கிக் கொடுத்தார். கணினி வந்தது, அதில் எழுதுவதற்கு என்ன மென்பொருள் என்று முடிவு செய்யக் கூட்டம் கூடியது. எங்கள் பொருளாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "பணம் கொடுத்து வாங்குவோம். கொடுத்தால்தான் கேட்க உரிமை உண்டு" என்றார். கல்லூரி மாணவர் ஒருவர், "எதற்கு ஐயா செலவு? கடையில் சொன்னால் காசில்லாமலே போட்டுத் தருவார்கள்" என்றார். பள்ளி ஆசிரியையான இளம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "திருட்டுப் படி வேண்டாம். லிப்ரெ ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது; அது முறைப்படியே விலையில்லாதது" என்றார். மூவரும் மூன்று பக்கம் இழுக்கவே, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தனர். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவனுக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. அது சற்றுக் கசப்பான உறவு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரின் பழங்கதை சிறிது சொல்ல வேண்டும்.

திருத்தணி எல்லைப்புறத்து ஊர். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது இவ்வூர் அதனுள் அடங்கியது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்தைச் சேர்ந்தது. வட எல்லையில் தமிழ் வழங்கும் ஊர்கள் தமிழகத்தோடு இருத்தல் வேண்டும் என்று கிளர்ச்சி மூண்டது. ஊர்தோறும் தமிழ் வகுப்பு நடத்திய மங்கலங்கிழார், தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம், எங்கள் ஊர் கே. விநாயகம் முதலியோர் அதன் வரலாற்றில் நிலைத்த பெயர்கள். பின்னர் எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, மக்களின் மொழியையும் நிலத்தின் தொடர்ச்சியையும் நோக்கி எல்லை வகுத்தார். அதன்படி 1959-இல் சட்டம் இயற்றப்பெற்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அன்றே சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. இங்கு விளக்கேற்றிய நாளில் அங்கும் சிலர் விளக்கேற்றினர். இரு பக்கமும் சிலர் கண்ணீரும் விட்டனர்.

இவையெல்லாம் நூல்களில் உள்ளன. நூல்களில் இல்லாத செய்திகள் பல எங்கள் ஊர் முதியோர் நெஞ்சில் இருந்தன. மறியலுக்குச் சென்று சிறை புகுந்தோர் இருந்தனர். வீடு வீடாகச் சென்று, "உங்கள் தாய்மொழி என்ன?" என்று கணக்கெடுத்தோர் இருந்தனர். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி, இரு மொழியாரோடும் பகையின்றி வாழ்ந்தோரும் இருந்தனர். அவர்களுள் பன்னிருவரை 1998-ஆம் ஆண்டு நான் தேடிச் சென்று கேட்டு, அவர்கள் சொன்னவற்றை ஒலிநாடாவில் பதிந்துவந்தேன். வந்து, புதிதாக வாங்கிய கணினியில் சொல்லுக்குச் சொல் ஏற்றினேன். சிக்கனம் கருதி ஒரு பிழை செய்தேன். ஒருவர் பேச்சைக் கணினியில் ஏற்றி முடித்தவுடன், அந்த நாடாவின் மேலேயே அடுத்தவர் பேச்சைப் பதிந்தேன். 'கணினியில்தான் இருக்கிறதே' என்று எண்ணிக்கொண்டேன்.

அக்காலத்தில் கணினியில் தமிழ் எழுதப் பல நிறுவனங்கள் தனித்தனியே மென்பொருள் விற்றன. நானும் ஒன்றை முழு விலை கொடுத்தே வாங்கினேன். அதன் இரசீதை இன்றும் வைத்திருக்கிறேன். கள்ளப் படி எடுக்காவண்ணம், கணினியின் பின்புறத்தில் செருகவேண்டிய சிறு பூட்டு ஒன்றையும் அதனோடு தந்தார்கள். அப்பூட்டு இல்லாவிடில் மென்பொருள் வாய் திறவாது. சில ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தன. 2006-இல் அப்பழைய கணினி பழுதுற்றது. புதிய கணினி வாங்கினேன். அதில் அப்பூட்டைச் செருகும் துளையே இல்லை. விற்ற கடையைத் தேடிச் சென்னைக்குச் சென்றேன். கடை மூடி ஆண்டுகள் சில ஆகியிருந்தன. என் ஏடுகளைத் திறந்து பார்த்தால், முதியோரின் தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும், கேள்விக் குறிகளும், எந்த நாட்டுக்கோ உரிய நாணயக் குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. பன்னிருவருள் மூவர் உரைகளை மட்டும் முன்பே தாளில் அச்சிட்டிருந்தேன். மற்ற ஒன்பதின்மர் உரை என் மேசைமேல், என் கண்முன்னே இருந்தும் இல்லாதவை ஆயின. அதற்குள் அம்முதியோருள் பலர் காலஞ்சென்றுவிட்டனர்.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது? தட்டச்சுப் பொறியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா நாடு சென்று வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த பெருமைக்கு உரியவர். அப்பொறி காகிதத்தின்மேல் எழுத்தையே பொறிக்கிறது. பொறி உடைந்தாலும், செய்த நிறுவனம் மறைந்தாலும் கடிதம் கடிதமாகவே இருக்கும்; கண்ணும் கல்வியும் உடையார் எவரும் படிக்கலாம். கணினியோ எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. இந்த எண் 'க', இந்த எண் 'ங' என்று ஓர் உடன்பாடு வேண்டும். அதற்கு மேலும், இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று குறிக்க மற்றோர் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாடு எல்லாரும் அறிய வெளியிடப்பட்டதாயின், ஏடு நம்முடையது. ஒருவர் கைப்பெட்டிக்குள் பூட்டப்பட்டதாயின், எழுதியவர் நாமே ஆனாலும் ஏட்டின் சாவி அவரிடமே இருக்கிறது. நான் விலை கொடுத்தது மெய். ஆனால் சாவியை நான் வாங்கவில்லை.

அலுவலக மென்பொருளின் வரலாறு முழுவதிலும் இச்செய்தியைக் காணலாம். 1978-இல் வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலி வந்தது. 1979-இல் விசிகால்க் என்னும் கணக்கு அட்டவணை வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 அதனை விஞ்சியது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்ட் தோன்றியது. 1985-இல் எக்செல் வந்தது. இவற்றை ஒன்றாகக் கட்டி ஆபீஸ் என்னும் பெயரால் 1989-இல் மக்கின்டாஷ் கணினிக்கும், 1990-இல் விண்டோசுக்கும் விற்கலாயினர். ஒவ்வொன்றும் தன் காலத்தில் அரசு செலுத்தியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு முறை. அரசு மாறியபோதெல்லாம், பழைய அரசின் நாணயத்தை மாற்றிக்கொள்ள மக்கள் அலைந்தனர். பெரிய கடைக்குப் பலர் சென்றதற்கு அதன் சரக்கின் தரம் ஒரு காரணம். அண்டை அலுவலகத்தார் அனுப்பும் கோப்பைத் திறந்தாக வேண்டுமே என்னும் கட்டாயம் மற்றொரு காரணம்.

இந்நிலைக்கு மாறாக எழுந்த இயக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், 1980-ஐ ஒட்டிய காலத்தில் ஓர் அச்சுப் பொறியின் குறையை நீக்க முயன்றார். அதனை இயக்கும் நிரலின் மூலத்தைக் காட்ட மறுத்துவிட்டார்கள். கைக்கு எட்டிய பொறியைத் திருத்தும் உரிமை தமக்கு இல்லையே என்று அவர் கொண்ட சினத்தின் பயனாக, 1983-இல் குனு என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்குதல், அதன் மூலத்தைக் கற்றுத் திருத்துதல், பிறருக்குப் படி எடுத்துக் கொடுத்தல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளை அவ்வியக்கம் வற்புறுத்தியது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் நிற்பதால், அவ்வியக்கத்தார் இதனை விளக்க இன்றளவும் அல்லலுறுகின்றனர். தமிழுக்கு அவ்விடர் இல்லை. 'விலையில்லாதது' என்பது வேறு. 'கட்டற்றது' என்பது வேறு. நம் மொழி தெளிவாகவே வேறுபடுத்திய இவ்விரண்டையும் நாம்தான் சந்தையில் குழப்பிக்கொள்கிறோம்.

எங்கள் ஆசிரியை சொன்ன லிப்ரெ ஆபீஸ் இம்மரபில் வந்தது. ஜெர்மனியில் மார்கோ போரீஸ் என்பவர் இளமையிலேயே தொடங்கிய நிறுவனத்தில், 1985-ஐ ஒட்டி அதன் வித்து ஊன்றப்பட்டது. பின்னர் ஸ்டார் ஆபீஸ் என்று பெயர் பெற்ற அதனை 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது. 2000-இல் மூல நிரலை உலகுக்கு வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் என்னும் பெயரில் அது பரவியது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அதை உருவாக்கி வந்த தன்னார்வலர் பலர், இனி என்ன ஆகுமோ என்று ஐயுற்று, அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் தனியே பிரிந்து லிப்ரெ ஆபீஸைத் தொடங்கினர். மூலம் வெளிப்படையாக இருந்ததனால் அவ்வாறு பிரிய முடிந்தது. நிறுவனம் கைமாறியது; பெயரும் மாறியது; ஆனால் அதில் எழுதிய ஒருவருடைய கடிதமும் படிக்க முடியாததாகவில்லை. எனக்கு மென்பொருள் விற்ற கடை மூடப்பட்ட நாளை நான் நினைத்துப் பார்க்கிறேன். அங்கும் மூடுவிழா, இங்கும் கைமாற்றம். விளைவுதான் வேறு.

தமிழ் உலகிலேயே இதற்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. நான் முதியோர் உரைகளைப் பதிந்த அதே 1998-ஆம் ஆண்டில், பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் என்னும் பெருமுயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். தாம் ஆக்கிய 'மயிலை' எழுத்துருவை அவர் அனைவருக்கும் விலையின்றி வழங்கியவர். பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினர். முதற்காலத்து ஏடுகளும் அன்றைய பழைய குறியீட்டு முறைகளிலேயே இருந்தன. பின்னர் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு பரவியது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. உடனே மதுரைத் திட்டத்தார் தம் ஏடுகளைப் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டனர். பழைய உடன்பாடு அனைவரும் அறிந்தது ஆதலின், மாற்றுவது எளிதாயிற்று. இன்று எந்தச் சிற்றூரிலும் ஒரு மாணவன் கைப்பேசியில் அந்நூல்களைப் படிக்கிறான். அவர்கள் ஊதியமின்றிச் செய்தது நிலைத்தது; நான் விலை கொடுத்துச் செய்தது அழிந்தது.

இதனைக் கேட்டு, 'ஆகவே விலையுள்ளது தீது, விலையில்லாதது நன்று' என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அரசாங்கங்களின் அனுபவம் நமக்கு நிதானத்தைக் கற்பிக்கிறது. 2005 ஏப்ரல் திங்களில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தமிழ் மென்பொருள் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது. தமிழ் எழுத்துருக்களோடு ஓப்பன் ஆபீஸின் தமிழ் வடிவமும் அதில் இருந்தது. கேட்டவர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பினர். எனக்கும் ஒன்று வந்தது. 2007-இல் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளையே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளையே தழுவிக்கொண்டது.

2011 செப்டம்பர் 15-ஆம் நாள், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. அந்நாள்களில் மாணவர்க்குக் கிடைத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே இருந்தன. என் அண்டை வீட்டு மாணவனுக்கும் ஒன்று கிடைத்தது. அவன் ஒரு முறைகூட லினக்ஸைத் திறந்து பார்த்ததை நான் கண்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை ஐயா. அதோடு, வேலைக்குப் போகிற இடத்தில் மற்றதைத்தானே கேட்பார்கள்?" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. பொருள் விலையின்றி வரலாம். பழக்கம் விலையின்றி வருவதில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியின் கதையும் இதையே சொல்கிறது. 2003-இல் அந்நகர மன்றம் விண்டோசை விடுத்து லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. பத்தாண்டுகள் உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினர். உலகமே அதனை முன்மாதிரி என்று பாராட்டியது. ஆனால் 2017-இல் அதே மன்றம், மீண்டும் விண்டோசுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. பிற அலுவலகங்களின் கோப்புகளோடு பொருந்தாமை, ஊழியர் குறைபாடு, ஆட்சி மாற்றம் என்று காரணங்கள் பல கூறப்பட்டன. எது மெய்க்காரணம் என்று இன்றும் வாதிடுகின்றனர். ஒன்று மட்டும் தெளிவு. ஆயிரம் பேர் எழுதிப் பழகிய கையை மாற்றுவதற்கும் ஒரு செலவு உண்டு. அது எந்தப் பட்டியலிலும் விலையாகக் குறிக்கப்படுவதில்லை.

ஆயினும் இந்த நெடிய வழக்கினால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. மென்பொருள் எதுவாயினும் ஏட்டின் உடன்பாடு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஓப்பன் ஆபீஸ் வழிவந்த ஓ.டி.எஃப். என்னும் கோப்பு முறையை 2006-இல் உலகத் தர அமைப்பு ஏற்றது. மைக்ரோசாப்ட் தன் கோப்பு முறையையும் உலகத் தரமாக்க முன்வந்து, 2008-இல் அதுவும் ஏற்கப்பட்டது. அவ்வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2009 முதல் மைக்ரோசாப்ட் ஆபீஸும் ஓ.டி.எஃப். கோப்புகளைத் திறக்கவும் சேமிக்கவும் கற்றுக்கொண்டது. 2010-இல் மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரங்களைக் கைக்கொள்ளும் கொள்கையை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்குரிய தரமாக ஆணையிட்டு ஏற்றது. விலை கொடுப்பவரும் கொடாதவரும் ஒரே பாதையில் நடக்க இவ்வாறு வழி பிறந்தது.

இவற்றையெல்லாம் எங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். முதலில் மாணவருக்கு விடை கூறினேன். 'காசில்லாமல் போட்டுத் தருவது' விலையில்லாததும் அன்று, கட்டற்றதும் அன்று, களவு. கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகக் கொள்ளும் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, கள்ளப் படி என்று அறிந்தே அதனைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. சிறையை விடுங்கள். நூல்களைப் படிப்பதற்கென்று கூடிய ஒரு சங்கம், எழுதியவனுக்கு உரியதைக் கொடாமல் எடுத்தாளலாமா என்று கேட்டேன். அவர் நல்ல பிள்ளை, தலை கவிழ்ந்தார்.

பிறகு பொருளாளரை நோக்கினேன். முன்பெல்லாம் ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு பயன்படும். 2011-இல் ஆபீஸ் 365 வந்தது முதல் ஆண்டுச் சந்தா முறை பரவிவிட்டது. ஒரே முறை வாங்கும் வகை இன்றும் உண்டெனினும், கடைக்காரர் முதலில் நீட்டுவது சந்தாவைத்தான். எங்கள் மலைப்படியின் எண்ணையே அது பெயராகக் கொண்டிருப்பதைச் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. படி ஏறி முடித்தால் சந்நிதி வரும். சந்தாவுக்கு 365 நாள் முடிந்தால் மறுபடியும் முதற்படி வரும். நன்கொடையை நம்பி வாழும் எங்கள் வட்டம் ஆண்டுதோறும் அதனைச் செலுத்த இயலுமா? மற்றொருவர், "இணையத்திலேயே எழுதிச் சேமிக்கும் கூகிள் டாக்ஸ் விலையில்லாததுதானே?" என்றார். ஆம், 2006 முதல் கிடைக்கும் அது பலருக்குப் பேருதவி. ஆனால் அங்கே நம் ஏடு பிறர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விலை இல்லை, கட்டு உண்டு. அலமாரியில் வைப்பதில் தவறில்லை. அதன் படி ஒன்று நம் வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

பொருளாளரும் விட்டுவிடவில்லை. "நம் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளர் அனுப்பும் எக்செல் தாளில் தாமாக இயங்கும் கட்டளைகள் நிறைய உள்ளன. அவை உங்கள் லிப்ரெ ஆபீஸில் ஒழுங்காக ஓடுமா?" என்று கேட்டார். அப்போதே சோதித்துப் பார்த்தோம், சில ஓடவில்லை. அவர் கேட்டது நியாயமே. ஆகவே இவ்வாறு முடிவு செய்தோம். இரண்டு கணினிகளில் லிப்ரெ ஆபீஸ். கணக்கெழுதும் ஒரு கணினிக்கு மட்டும் ஒரே முறை விலை கொடுக்கும் மென்பொருள். மூன்றிலும் தமிழ் யூனிகோடிலேயே எழுதப்படும். முடிந்த ஏடுகள் ஓ.டி.எஃப். முறையில் சேமிக்கப்படும், நிலைத்து நிற்கவேண்டியவை தாளிலும் அச்சிடப்படும். மிஞ்சிய தொகையில் ஒரு பகுதியை லிப்ரெ ஆபீஸை வளர்க்கும் அறக்கட்டளைக்கு அனுப்பினோம். விலை கேட்காதவருக்கும் கூலி கொடுப்பது முறைதானே?

முதல் வாரம் முழுவதும் முறையீடுகள்தாம். "அந்தப் பொத்தானைக் காணோம்", "அட்டவணை இடம் பெயர்ந்துவிட்டது" என்று முதியோர் சலித்துக்கொண்டனர். ஆசிரியை இரண்டு மாலைகள் அமர்ந்து பொறுமையோடு சொல்லிக் கொடுத்தார். இப்பொழுது முறையீடு குறைந்துவிட்டது. முற்றும் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகும்.

இனி, என் ஒன்பது ஏடுகளின் கதை. பழைய மாணவன் ஒருவன், அச்சிட்டு வைத்திருந்த மூவர் உரைகளையும் கணினியில் சிதைந்து தோன்றும் அவர்களின் ஏடுகளையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்துக்கு நிற்கிறது என்று ஒரு பட்டியல் வகுத்தான். தன்னார்வலர் ஆக்கி உலகுக்குக் கொடுத்த எழுத்து மாற்றி ஒன்றின் மூல நிரலில் அப்பட்டியலைச் சேர்த்தான். மூலம் பூட்டப்படாததாகையால் அது அவனால் முடிந்தது. எட்டு ஏடுகள் வாய் திறந்தன. முதன்முதல் மீண்ட உரையைப் படித்தபோது, அம்மூதாட்டி என் எதிரில் அமர்ந்து பேசுவது போலவே இருந்தது. ஒன்பதாவது ஏட்டை அம்மென்பொருளுக்கே உரிய தனிமுறையில் சேமித்திருந்தேன். அது இன்னும் திறக்கவில்லை.

மீண்ட எட்டிலும் ஒரு குறை. பழைய குறியீட்டில் சில எழுத்துகளுக்கு ஒதுக்கியிருந்த எண்ணை, வேறு கணினிகள் வெற்றிடம் என்று எண்ணி, படியெடுக்கும்போது துடைத்துவிட்டன. பெரும்பாலான இடங்களில் சொல்லைப் பார்த்தே விடுபட்ட எழுத்தை ஊகித்துக்கொண்டோம். ஓரிடத்தில் மட்டும் இயலவில்லை. ஒரு முதியவர், தாம் மறியல் செய்து அடிபட்ட ஊரின் பெயரைச் சொல்லுகிறார். அப்பெயரில் இரண்டு எழுத்துகள் இல்லை. எஞ்சிய எழுத்துகளுக்குப் பொருந்தும் ஊர்கள் எல்லைக்கு இப்பால் ஒன்று உண்டு. அப்பால் ஒன்று உண்டு. எது என்று கேட்பதற்கு அவர் இல்லை. கிராமத்தை அலகாகக் கொண்டு ஒரு நாட்டின் எல்லையையே வகுத்தார்கள். அந்த ஒரு கிராமம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அச்சிட்ட தாளில் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும், சங்கத்திலும், அலுவலகத்திலும் இவ்வினா எழும்பொழுது, விலை எவ்வளவு என்று கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். அதனோடு இன்னும் ஒன்று கேளுங்கள். விற்றவர் கடையை மூடிய பிறகும், நாம் கண் மூடிய பிறகும், இந்த ஏட்டை நம் பேரப் பிள்ளை திறக்க முடியுமா? முடியும் என்றால், விலை கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை. விலையின்றிப் பெற்றாலும் குறைவில்லை.